கூட்டாளி இயந்திரம்

1961ஆம் ஆண்டு, ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. மனிதனும் இயந்திரமும் அன்றுதான் கூட்டாளிகள் ஆனார்கள். இடம், திருவண்ணாமலையில் எங்கள் கடலை ஆலை. மேல்நாட்டார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது அவர்கள் குணம். ஆலை மேனேஜர் என்ற முறையில் நானே சாட்சி.

கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, உடைக்கும் அந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் பட்டணத்து இஞ்சினீயர் சாம்பமூர்த்தி. அதற்கு இரண்டு கைப்பிடிகள். இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தால்தான் ஓடும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும்.

“கை இங்க இருக்கறவரைக்கும் உருளைக்குள்ள போகாது. மனுஷனும் மிஷினும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்க,” என்றார் அவர்.

மனிதக் கூட்டாளியாகக் கீழ்பென்னாத்தூர் பச்சையம்மாள் ‘நியமனம்’ பெற்றாள்.

உச்சிவேளையில் கோயில் மணி அடித்தது. பச்சையம்மாள் வழக்கம்போல மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். இயந்திரமும் நின்றது. எங்களுக்கு மெய்சிலிர்த்தது. முதலாளி வேணுவுக்குச் சிலிர்க்கவில்லை.

“அவ கும்புடட்டும்யா. மிஷினு எதுக்குக் கும்புடுது?”

அன்று மாலை சாம்பமூர்த்தி பட்டணத்துக்கு ரயில் ஏறினார். அவர் ஏறியதும் ஆலோசனைக் கூட்டம்.

“சாமி கும்புடறதத் தடுத்தா ஊரு சும்மா வுடாது,” என்றார் முதலாளி.

ஆகவே பக்திக்கும் உற்பத்திக்கும் பங்கமில்லாத தீர்மானம் நிறைவேறியது. கைப்பிடிகளை அழுத்திக் கயிற்றால் கட்டிவிடுவது. முடிச்சு என் கைவண்ணம்.

ஒத்துழைப்பு ஓங்கியது. பச்சையம்மாள் நிம்மதியாகக் கும்பிட்டாள். இயந்திரம் நாத்திகமாக ஓடியது. அவள் கைகள் சும்மா இருப்பதைப் பார்த்த முதலாளி அவற்றுக்கும் வேலை கொடுத்தார்.

“ஓடும்போதே மல்லாட்டயக் கொட்டும்மா. ஜாஸ்தி உடையும்.”

வெள்ளிக்கிழமை இயந்திரத்தின் வாயில் கடலை அடைத்துக்கொண்டது. பச்சையம்மாள் கையால் தள்ளினாள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணைக் குழு உடனே கூடியது. முதலாளி தலைவர், நான் செயலாளர். இயந்திரத்தில் ஒரு கீறலும் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்தோம். கூட்டாளிகளில் ஒருவர் கடைசிவரை கடமை தவறவில்லை. மற்றவரிடம்தான் ‘கவனக்குறைவு’. இருந்தும் கருணை காட்டினோம். வேலையை அவள் தங்கை வள்ளிக்கே அளித்தோம்.

வள்ளி வந்தாள். இயந்திரத்தையும் கைப்பிடிகளில் இன்னும் இருந்த கயிற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தொடவில்லை.

“பயப்படாதம்மா,” என்றார் முதலாளி. “இதுவும் உன்கூட வேல செய்யற ஒரு ஆளு மாதிரிதான்.”

“அப்டினா, எங்க அக்கா கத்தனப்ப நிக்க வுடாம அந்த ஆளு கையக் கட்டிப்போட்டது யாருங்க?”