கமாண்டரும் கார்பூல் லேனும்

எங்கள் ஊர் லிவர்மோருக்கும் சான் ஹோசேவுக்கும் நடுவில் உள்ள மலைகளைத் தாண்டி எத்தனையோ பேர் தினமும் வேலைக்குப் போகிறார்கள். தினமும் தாண்டிப் போய், தினமும் திரும்பி வந்து, அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லாத ஒரே மனிதர் எங்கள் கமாண்டர்தான். ஒன்றரை வருஷம் அப்படிப் போய் வந்தார். நான்தான் டிரைவர்.

கமாண்டர் டச்சுக் கடற்படையில் கப்பல் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் எதிர்வீடு. ஆறரை அடி உயரம், தலையில் ஒரு நீலத் தொப்பி. முதலில் பார்த்தது லிவர்மோர் கோயில் கேன்டீனில். இதுதான் தோசைக்கு லைனா என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

"ஓம் பிள்ளை, இதுதான். சட்னி முடியப் போகுது, கெதியா நில்லுங்கோ."

என் கையிலிருந்த தட்டு விழப் பார்த்தது. சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்! அதைக் கேட்ட பிறகும் நான் இங்கிலீஷில்தான் "தேங்க் யூ" சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்துத் தமிழ் பேச நாக்கு எழவில்லை.

அப்போது என் நிலைமை கழுத்தில் கத்தி. எனக்கு சான் ஹோசேயில் வேலை, கணவருக்கு டெக்சாஸில் ப்ராஜெக்ட். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் முகம் காட்டுவார். மகள் நிலாவுக்கு நாலு வயது. டேகேர் ஆறு மணிக்கு மூடிவிடும். இரண்டு முறை லேட்டாகிவிட்டது. மூன்றாவது முறை லேட்டானால் சீட் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். சீட் போனால் வேலையும் போகும். இதையெல்லாம் கேன்டீனில் உட்கார்ந்து போனில் கணவரிடம் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரருக்கும் தமிழ் புரியும் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

அவர் எழுந்து வந்தார். "பிள்ளை, கார்பூல் லேனிலை போக ரெண்டு தலை வேணும் எல்லோ? என்ரை தலை சும்மாதான் கிடக்கு."

காரில் இரண்டு பேராவது இருந்தால்தான் அந்த லேனில் விடுவார்கள், அதில் நெரிசலும் குறைவு. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு, கையில் பாண் என்று அவர் சொல்லும் பிரெட்டும் சம்பலும் வைத்த டப்பாவோடு என் வாசலில் நின்றார். பகல் முழுக்க சான் ஹோசே லைப்ரரியில் படிப்பார். சாயங்காலம் நாலு நாற்பதுக்கு லைப்ரரி வாசலில் ஏறிக்கொள்வார். இரண்டு நிமிஷத்துக்கு மேல் யாருக்காகவும் நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஒரு துறைமுகத்தில் கப்பல் சமையல்காரன் மூன்று நிமிஷம் லேட்டாக வந்தானாம், விட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

"ஐயையோ, அப்புறம் சாப்பாடு?"

"ஒன்பது நாள் வெறும் பாண். ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை."

காரில் அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நட்டு வைத்தமாதிரி அசையாமல் ரோட்டையே பார்ப்பார். ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் எங்களை ஓரங்கட்டி, இவர் பக்கத்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உற்றுப் பார்த்தார். கார்பூல் லேனுக்காக நான் பொம்மையைக் கட்டி உட்கார வைத்திருக்கிறேன் என்று சந்தேகம். பொம்மை மெல்லத் தலையைத் திருப்பி ஒரு சல்யூட் வைத்தது. போலீஸ்காரர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முதல் வாரம் இங்கிலீஷில்தான் பேசினேன். இரண்டாவது வாரம் ஒரு லாரிக்காரன் குறுக்கே வந்தான். என் வாயிலிருந்து வந்தது அத்தனையும் மதுரைத் தமிழ். இங்கே அச்சில் போட முடியாது. கமாண்டர் கண்ணை மூடி "அப்பாடா" என்றார். லாரி போய்விட்ட நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு நான் இங்கிலீஷுக்குத் திரும்பவில்லை.

"எத்தனை கப்பலை மூழ்கடிச்சீங்க அங்கிள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்டும் இல்லை."

"சும்மா சொல்லாதீங்க!"

"உண்மையாத்தான். பதினெட்டு வயசிலை சேர்ந்தனான். கடைசி வரைக்கும் கண்ணிவெடி தேடுற கப்பல். பழைய சண்டையிலை கடலுக்கை போட்டிட்டு மறந்த வெடியள். நான் பிறக்க முந்தி முடிஞ்ச சண்டை, பிள்ளை. அதைக் கூட்டி அள்ளுறதுதான் என்ரை வேலை."

சைக்கிளைவிட மெதுவாகத்தான் அந்தக் கப்பல் போகுமாம். வேகமாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"பிறகு வேகமே தேவைப்படாது."

அவர் பெருமைப்பட்டுக்கொண்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். "ஒரு ஆளையும் நான் சாகக் குடுக்கேல்லை."

தமிழ் எப்படி வந்தது? சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருவரைப் பார்த்து, கல்யாணமும் செய்துகொண்டார். "அவ ஏசுறது தமிழிலை. என்னத்துக்கு ஏசுறா எண்டு விளங்க வேணுமே, அதுதான் படிச்சனான்." தன் தங்கை குடும்பம் இங்கே இருக்கிறது என்று அந்த அம்மா ஆசைப்பட்டதால்தான் லிவர்மோர். தங்கை பிறகு கனடா போய்விட்டார். நாங்கள் குடிவருவதற்கு முந்தின வருஷம் அந்த அம்மாவும் காலமாகிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை நாலு நாற்பதுக்கு லைப்ரரி வாசலில் கமாண்டரைக் காணோம். நாலு நாற்பத்திரண்டு. அவர் சட்டப்படி நான் கிளம்பியாக வேண்டும். போன் அடித்தேன், எடுக்கவில்லை. நிலா ஜன்னலோரம் நிற்பாள். சமையல்காரனை விட்டுவிட்டுப் போகலாம், கமாண்டரை விட்டுவிட்டு எப்படிப் போவது? நாலு ஐம்பத்தைந்துக்குத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏன் நிண்டனீங்கள்? என்னை விட்டிட்டுப் போயிருக்க வேணும்!"

"நடுத்தெருவுல விட்டுட்டுப் போக இது என்ன உங்க கப்பலா? பேசாம ஏறுங்க!"

கார்பூல் லேன்கூட அன்றைக்கு நகரவில்லை. டேகேர் போய்ச் சேர்ந்தபோது ஆறு பதினாலு. நிலா கோட்டைப் போட்டுக்கொண்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருந்தாள். "அம்மா, யூ ஆர் லேட்" என்றாள். அழுதிருந்தாள்.

மேனேஜரம்மா என் ஃபைலைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். கமாண்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்று, தினமும் என்னோடு சான் ஹோசே போய் வருவதாகவும் இன்றைக்குத் தவறு முழுக்கத் தன்னுடையது என்றும் சொன்னார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். இங்கிருந்து மூன்று தெரு தள்ளி என்றார் கமாண்டர்.

மூன்று தெரு தள்ளி இருக்கிறவர் ஏன் தினமும் சான் ஹோசே போய்விட்டு இங்கே வருகிறார் என்று கேட்டாரே ஒரு கேள்வி!

நான் இரண்டு டிகிரி வாங்கியவள். அவர் கடல் வரைபடங்களை வைத்துக்கொண்டு கப்பல் நடத்தியவர். இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம். குழந்தையைக் கூட்டிப்போக உரிமை உள்ளவர்கள் லிஸ்டில் என் பெயரும் கணவர் பெயரும்தான். வெளி மனிதரிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதா என்று கூசி வேறு யாரையும் சேர்க்காமலே விட்டிருந்தேன். அந்த அம்மா ஒரு படிவத்தை நீட்டினார். கமாண்டர் பெயரைச் சேர்த்தால் இன்றைய லேட்டை மறந்துவிடுகிறேன் என்றார். உடனே கையெழுத்துப் போட்டேன்.

காரில் ஏறியதும் கேட்டேன். "இந்த யோசனை உங்களுக்குத் தோணவே இல்லையா அங்கிள்?"

"தோன்றினது."

"எப்ப?"

"முதல் நாளே. கோயில் கேன்டீனிலை."

பிரேக்கை மிதித்துவிட்டேன். "அப்புறம் ஏன் சொல்லல? ஒன்றரை வருஷம்!"

அவர் ரோட்டையே பார்த்தபடி சொன்னார். "அவ போன பிறகு என்னோட தமிழ் கதைக்க ஆரும் இல்லை பிள்ளை. கோயிலிலை நான் தமிழிலை கேட்டாலும், முகத்தைப் பாத்திட்டு இங்கிலீஷிலைதான் மறுமொழி. காருக்குள்ளை எண்டா நீங்கள் இறங்கி ஓட ஏலாது எல்லோ. இண்டைக்கு லைப்ரரியிலை வல்வெட்டித்துறை ஐயா ஒருத்தர் வந்தார். அவருக்குக் கண் சரியாத் தெரியாது. தமிழிலையே கதைச்சார். நேரத்தை மறந்திட்டன்."

நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கேன்டீனில் நான் சொன்ன அந்த "தேங்க் யூ" நினைவுக்கு வந்து என்னை அறைந்தது.

மறுநாளிலிருந்து நிலாவை ஐந்தரைக்கே கமாண்டர் கூட்டிவந்துவிடுகிறார். நான் தனியாக நெரிசலில் ஊர்ந்து ஆறரைக்கு வீடு சேர்கிறேன். தமிழில் எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லும் நிலா, இப்போது எது கேட்டாலும் "ஓம்" என்கிறாள்.

"என்னடி, நம்ம பொண்ணு யாழ்ப்பாணத்துல பொறந்த மாதிரி பேசுறா?" என்று கணவர் போனில் கேட்டார்.

"டெக்சாஸ்ல உக்காந்துக்கிட்டு கேள்வி கேக்காதீங்க" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் கமாண்டர் பாண் டப்பாவோடு வாசலில் வந்து நிற்பார். நிலா பின் சீட்டில் ஏறிக்கொள்வாள். சான் ஹோசேயில் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ரோடு காலியாகத்தான் கிடக்கும். நான்தான் கடைசி லேனில், லாரிகளுக்குப் பின்னால், மெதுவாக ஓட்டுகிறேன்.