ஓனர் காய்ச்சிய பால்

இந்திய ரயில்வே முழுவதும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று நினைப்பவர்கள் எங்கள் ஓனரைப் பார்த்ததில்லை. தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு போகிற வழியில் இருக்கும் எங்கள் ஸ்டேஷன் அவருடையது. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். தன்னைக் கேட்காமல் எழுதிவிட்டதாகக் கோபித்துக்கொள்வார்.

அவர் தாத்தாவின் வேர்க்கடலைக் கொல்லையில்தான் முதன்முதலில் ஒரு தகரக் கொட்டகை போட்டு ரயிலை நிறுத்தினார்களாம். இது அவர் சொல்லும் வரலாறு. சொல்லச் சொல்ல அந்தக் கொல்லை வளரும். உற்சாகமாக இருக்கும் நாட்களில் தாம்பரம் யார்டு வரை போய்விடும்.

வீட்டுக்காரர் என்றால் சும்மாவா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையிலேயே பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவார். வண்டி தாமதமானால் ரயில்வே வருத்தம் தெரிவிப்பதற்குள் இவர் தெரிவித்துவிடுவார். "கோச்சுக்காதம்மா, இன்னிக்கு லேட்டாயிடுச்சி. அப்டி குந்து." பிளாட்பார டிக்கெட் கேட்ட பரிசோதகரிடம், "என் வூட்ல நான் நிக்க சீட்டா? மோர் சாப்ட்றியா?" என்றார். வெயில் கொளுத்தியதால் பரிசோதகர் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மாடிப்பாலத்தை விட்டுத் தண்டவாளத்தைத் தாண்டி வருபவர்களை மட்டும் விடமாட்டார். ஒருநாள் நான் மாட்டினேன். "வாசல் கீதில்ல? கொல்லப்பக்கமா வர்றியே, நீ இன்னா திருடனா?" பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

போன வருடம் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். திறந்த மறுநாள் ஓனர் மண் அடுப்பு, பால், மஞ்சள் குங்குமத்தோடு வந்து நின்றார். கிரகப்பிரவேசமாம்! ஸ்டேஷன் மாஸ்டர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, ஸ்டேஷனுக்குள்ள நெருப்பு வைக்கக் கூடாதுங்க. என் வேலை போயிடும்."

"பால் காச்சாத வூட்ல எப்டி சார் ஜனங்க வந்து போவும்?"

கூட்டம் சிரித்தது. நானும்தான். ஓனர் அடுப்பைக் கீழே வைத்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"பழைய ஸ்டேசனுக்கு யாரும் பால் காச்சல சார். இங்கதான் லைன் தாண்டச்சொல்லோ என் தம்பி ரயில்ல அடிபட்டுப் போனான். இதுலயாவது யாருக்கும் ஒண்ணும் ஆவக்கூடாது."

மாஸ்டர் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போனார். அங்கே டீ போடும் மின்சாரக் கெட்டில் இருந்தது.

பால் பொங்கினால்தானே சுபம்? ஓனர் ஸ்விட்சைத் தொட விடவில்லை. பால் பொங்கியது, மேஜையில் வழிந்தது, பிளக்கில் இறங்கியது. 'டப்' என்று ஃபியூஸ் போய், அறிவிப்பு ஒலிபெருக்கியும் வாயை மூடிக்கொண்டது. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வண்டி வந்தது.

ஓனர் பிளாட்பாரத்துக்கு ஓடினார். "வண்டி வருது! யாரும் லைன்ல எறங்காதீங்க! எல்லாம் பாலத்துல ஏறி வாங்க!" முடிச்சூர் வரை கேட்டிருக்கும்.

எனக்கு முழங்கால் வலி. தண்டவாளத்தைத் தாண்டினால் இரண்டே நிமிடம். ஆனாலும் அன்றிலிருந்து முனகிக்கொண்டே பாலம் ஏறுகிறேன். நான் மறுபக்கம் இறங்கி முடிக்கும்வரை ஓனர் பிளாட்பாரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பார். அவர் நிற்காத நாளில் எனக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரியே இருப்பதில்லை.