பச்சை ராஜாவுடன் செய்த சமாதானம்

கம்ப்யூட்டருக்கு ரோஷம் கிடையாது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த நம்பிக்கையோடு பெண் பார்க்கப் போனதுதான் தப்பாகிவிட்டது.

சுபாவின் வீடு கொச்சங்காடியில். எங்களைப்போலவே தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்து கொச்சியில் ஒட்டிக்கொண்ட குடும்பம். முன்னறையில் பெரியவர்கள் சாயாவும் பழம்பொரியுமாக உட்கார்ந்ததும், "நீங்க ரெண்டு பேரும் உள்ள இருந்து கொஞ்சம் சம்சாரிங்க" என்றார் அவள் அப்பா. (கொச்சித் தமிழில் 'பேசுங்க' என்று பொருள். சம்சாரமெல்லாம் பிறகுதான்.)

உள்ளே மேசைமேல் கம்ப்யூட்டர். திரையில் ஒரு நாடு பிடிக்கும் விளையாட்டு. ஒரு ராஜ்யம் சுபாவுடையது. மற்ற நாலையும் கம்ப்யூட்டரே ஆண்டது. ஓணம் லீவில் தொடங்கி, ஆபீஸ் விட்டு வந்து உட்கார்ந்து உட்கார்ந்து, வயல், துறைமுகம், நூலகம் என்று கட்டி வைத்திருந்தாள். ஒரு சண்டைகூடப் போடாமல்.

"எனக்கும் இது தெரியும்" என்றேன். (அண்ணன் மகன் ஆடும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.) "ஒரு கை பாக்கட்டுமா?"

எழுந்து நாற்காலியைத் தந்தாள். நல்ல பெண் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்து நாட்டுப் பச்சை ராஜாவின் எல்லை நகரத்தில் ஒரு சிப்பாய்கூட இல்லை. என் வீரத்தைக் காட்ட இதைவிட வசதியான இடம் கிடைக்குமா?

"இத இப்ப அடிச்சா கிட்டிடும்."

"அவர்கூட சமாதான ஒப்பந்தம் இருக்கு" என்றாள் சுபா. "அத நம்பித்தான் பட்டாளத்த எடுத்துட்டார்."

"கம்ப்யூட்டர்தானே. அதுக்கு என்ன தெரியும்?"

'ஒப்பந்தத்தை மீறவா?' என்று விளையாட்டே ஒருமுறை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

நகரம் கிடைத்தது. பெருமையோடு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சுற்றில் நீல ராணி வியாபாரத்தை நிறுத்தினாள். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. மஞ்சள் ராஜா தூதரைத் திருப்பி அனுப்பினார். சொன்ன சொல் காக்காதவரோடு பேச்சில்லை என்று நாலு பேரிடமிருந்தும் ஒரே வாசகம் வந்தது. கப்பல் வராமல் கஜானா வறண்டது. சம்பளமில்லாத சிப்பாய்கள் கலைந்து போனார்கள். பிறகு பச்சை ராஜா படையோடு வந்தார். அவர் பின்னால் மற்ற மூவரும்.

பிடித்த நகரத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். மறுத்தார். பொன்னும் தருகிறேன் என்றேன். மறுத்தார். பதற்றத்தில் வாய்விட்டே கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது: "அய்யா, தயவு பண்ணுங்க. ஒரே ஒரு தடவ."

முன்னறையில் பேச்சு நின்றது. அவள் அப்பாவும் என் அம்மாவும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"என்னாச்சு மோளே?"

"ஒண்ணுமில்லப்பா. நான் குடுத்த வாக்க இவர் எம்புட்டு நேரம் காப்பாத்துறார்னு பாத்துட்டிருந்தேன்."

"பின்ன?"

"சாயா ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

ஒப்பந்தத்தை மீறுவதற்கு முந்தைய இடத்திலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கலாமே என்று முனகினேன். "வேண்டாம். நடந்தது நடந்ததாவே இருக்கட்டும்" என்றாள். அந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

திரும்பி வரும் வழியில் அம்மா ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "ஏமாத்துறதுக்கு ஊர்ல மனுசனா இல்லடா? போயும் போயும் ஒரு மெஷினயா?"

இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று இருந்தபோது சுபாவே போன் செய்தாள்.

"என் ராஜ்யத்துல ஒரு ஊர் மிச்சமிருக்கு. வந்து நீங்களே நேராக்குங்க."

ஞாயிறுதோறும் போனேன். அவள் அப்பா பேப்பர் படிப்பதுபோல் கதவருகே காவலிருந்தார். அந்த ஒற்றை ஊரிலிருந்து நீல ராணிக்குச் சுற்று தவறாமல் கோதுமை அனுப்பினேன். பெரிதாக எதுவும் சொல்லாமல், சொன்னதை மட்டும் செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு யோக்கியமாக நான் எங்கும் நடந்ததில்லை. முதலில் ராணி ஒரு கப்பல் விட்டாள். பிறகு மற்றவர்கள். பச்சை ராஜா மட்டும் மழைக்காலம் தொடங்கும்வரை இறங்கி வரவில்லை. கடைசியில் அவர் சமாதானத்துக்குச் சம்மதித்தபோது, 'ஒப்பந்தம் செய்யவா?' என்று விளையாட்டு கேட்டது.

"பாத்து அழுத்துங்க" என்றாள் சுபா. அழுத்தினேன். அதற்குப் பிறகுதான், "உங்க வீட்ல எப்ப வந்து பேசுவாங்க?" என்று கேட்டாள்.

கல்யாணமாகி வருடங்களாகிவிட்டன. சென்ற மாதம் சுபாவின் தங்கையைப் பார்க்க ஏலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல வேலை, நல்ல குடும்பம். மாமனார் அதையெல்லாம் விசாரிக்கவே இல்லை. பையனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மோன் கம்ப்யூட்டர்ல கேம் ஏதும் ஆடுமா?"

நல்ல பெயர் வாங்கும் ஆசையில், "அந்தப் பழக்கமே இல்ல மாமா" என்றான் அந்தப் பையன்.

மாமனார் கவலையோடு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இவர எப்படி அறியறது?"