சேட்சுவின் கதவை யாரும் பூட்டவில்லை

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, டோக்கியோவில் 'தயாரிப்புக் குழு'வைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் இல்லாமல்கூட எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம். மூன்றாவது இல்லாமல் ஒரு நாவலை அனிமேஷன் படமாக்க முடியாது. தனி மனிதன் எடுத்த படம் ஊற்றிக்கொண்டால் அவன் தலை உருளும். குழு எடுத்தால் ஒரு தலையும் உருளாது. பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மைக் கம்பெனி, இசைக் கம்பெனி, ரயில் கம்பெனி என்று ஆளுக்கொரு நாற்காலியில் அமர்ந்து, யாருமே எடுக்காத முடிவுகளை 'ஒருமனதாக' எடுக்கும் அந்த மேன்மையைப் பக்கத்திலிருந்து அனுபவிக்கும் பாக்கியம் நாவலாசிரியை இகராஷி ஃபுமியேவுக்குக் கிடைத்தது.

ஃபுமியே எழுதிக்கொண்டிருந்தது ஓர் ஆவியின் கதை. கிரிசாவா ஏரிக்கரைப் பட்டு ஆலையில் நூல் எடுத்த பெண் சேட்சு. அந்தக் காலத்தில் ஆலைப் பெண்கள் ஓடிப்போய்விடக் கூடாதென்று இரவில் விடுதியை வெளியே பூட்டுவார்கள். ஓர் இரவு தீப்பிடித்தது. கதவு திறக்கவில்லை. அன்றிலிருந்து யார் எங்கே அடைபட்டுக் கிடந்தாலும் சேட்சு வந்து கதவைத் திறந்துவிடுவாள். பாகத்துக்கு ஒரு கதவு என்று மருத்துவமனை, பள்ளிக் கிடங்கு, மாமியார் வீட்டுப் பின்னறை எல்லாம் திறந்தாயிற்று. தன் சொந்தக் கதவை மட்டும் அவள் இன்னும் திறக்கவில்லை. அதைப் பூட்டியது யார் என்பதைக் கடைசிப் பாகத்தில் சொல்வதாக ஃபுமியே வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பல வருடங்களாக முழித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி என்று எழுதினால் அவன் மேலாளரைக் காட்டினான். மேலாளர் முதலாளியைக் காட்டினார். முதலாளி ஆலை வழக்கத்தைக் காட்டினார். வழக்கத்தைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவர ஃபுமியேவால் முடியவில்லை. விடுகிற எண்ணமும் இல்லை. ஏனென்றால் சேட்சு அவருடைய அப்பாவின் அத்தை.

குழுவின் பக்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். முதல் படம் தொடங்குமுன் குழுவினர் அனைவரும் கறுப்பு உடையில் கோயிலுக்குப் போனார்கள். ஆவிக் கதை எடுப்பவர்கள் ஆவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு கோடுகூட வரைவதில்லை. பூசாரி தலைக்கு மேல் வெள்ளைக் காகிதக் கொத்தை ஆட்ட, எல்லோரும் இடுப்பு வளையக் குனிந்து சேட்சுவிடம் அனுமதி கேட்டார்கள். சேட்சு மறுக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று குழு முடிவு செய்தது.

அந்தப் படத்தில் விடுதிக் கதவைப் பூட்டியது ஏரியில் வாழும் ஓர் அசுரன். அவனுக்குப் பிரபலப் பாடகர் ஒருவர் குரல் கொடுத்தார்; கொம்பு வைத்த பொம்மை அமோகமாக விற்றது. இரண்டாம் படத்துக்குள் ஒரு முகப்பூச்சு நிறுவனம் குழுவில் சேர்ந்திருந்தது. பட்டுச் சாற்றில் முகப்பூச்சு செய்யும் அந்த நிறுவனம், அந்தக் காலத்துப் பட்டு ஆலையின் நேர் வாரிசு. அது சேர்ந்ததற்கும், இரண்டாம் படத்தில் கதவு பூட்டப்படவே இல்லை, ஏரிக் காற்றின் ஈரத்தில் உப்பிப்போய் மாட்டிக்கொண்டது என்று ஆனதற்கும் 'எந்தத் தொடர்பும் இல்லை'. குழுவே அப்படிச் சொன்ன பிறகு சந்தேகப்பட நாம் யார்?

மூன்றாம் படத்துக்கான கூட்டத்துக்கு ஃபுமியேவை அழைத்து, நல்ல தேநீர் கொடுத்து, மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்தார்கள். குழுத் தலைவர் தோதோரோகி எழுந்து குனிந்தார். டோக்கியோவில் எழுத்தாளர்களை 'சென்செய்', அதாவது 'ஆசானே' என்றுதான் அழைப்பார்கள்.

"சென்செய், கடைசிப் பாகம் இன்னும் வரலை. பரவால்ல, படைப்பாளிக்கு அவசரம் கூடாது. அதனால முடிவை நாங்களே யோசிச்சுட்டோம். கதவை சேட்சுவே பூட்டிக்கிறா. அசுரன் ஊருக்குள்ள போயிடக் கூடாதுன்னு தன்னையே தியாகம் பண்றா. தியேட்டர்ல கதறிடுவாங்க."

"பூட்டு வெளிப்பக்கம் இருந்துச்சு" என்றார் ஃபுமியே.

மேசையைச் சுற்றி எல்லோரும் தங்கள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"வெளிப்பக்கம்!" தோதோரோகி கண்ணை மூடித் திறந்தார். "என்ன ஆழமான பார்வை! முன்னோக்கிப் பரிசீலிக்கிறோம்."

டோக்கியோவில் ஒருவர் 'முன்னோக்கிப் பரிசீலிக்கிறேன்' என்றால், செத்தாலும் செய்ய மாட்டேன் என்று பொருள். 'முடியாது' என்று வாய்விட்டுச் சொல்வது நாகரிகமில்லை.

"இதுல பரிசீலிக்க என்ன இருக்கு? உள்ள இருக்கிறவ வெளியில எப்படிப் பூட்டுவா?"

முகப்பூச்சு நிறுவனத்தின் ஹோரியுச்சி புன்னகையோடு குறுக்கிட்டார். அவர் சருமம் அவருடைய நிறுவனத்துக்கே விளம்பரம் மாதிரி மினுங்கியது. "ஆவிதானே சென்செய்? சுவத்துக்குள்ள கையை விட்டுப் பூட்டிக்கலாமே."

"அப்ப அவ சாகலை. உயிரோட இருந்தா. கதவு திறக்காததாலதான் செத்தா."

"அப்படியா? அந்தக் குழப்பம் வராம அந்த எடத்துல ஒரு பாட்டு வெச்சுடலாம்."

குழு பாட்டை மனமார வரவேற்றது. படம் வெளியாகும்போது பழைய ஆலை முற்றத்தில், கையில் சாவியோடு நிற்கும் சேட்சுவுக்கு வெண்கலச் சிலை வைப்பதையும் வரவேற்றது. முன்னோட்டக் காட்சியில் படம் திருட்டுப் போகாமலிருக்கச் சில 'பாதுகாப்பு ஏற்பாடுகள்' என்று யாரோ முணுமுணுத்தார்கள், அதையும் வரவேற்றது. ஃபுமியே பேச வாயைத் திறந்தார். அதற்குள் தோதோரோகி இரு கைகளையும் விரித்து "இயோ—" என்று இழுத்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு தட்டு தட்டினார்கள். கூட்டம் முடிந்துவிட்டது. இப்படிக் கைதட்டி முடித்த பிறகு பேசுகிறவன் மனிதனே இல்லை. இதில் கொடுமை என்னவென்றால் ஃபுமியேவின் கைகளும் தட்டிவிட்டன. வயது வந்த நாளிலிருந்து ஆயிரம் விருந்துகளில் பழகிய கைகள்; அவரைக் கேட்காமலே சேர்ந்துகொண்டன.

நடைபாதையில் அவருடைய பதிப்பாசிரியர் குசுமோத்தோ பின்னாலேயே ஓடி வந்தான். பதிப்பகத்தின் சார்பில் அவனும் குழுவில் இருந்தான்.

"கொஞ்சம் காத்தைப் படிங்க சென்செய், கூட்டத்தோட மனசறிஞ்சு நடந்துக்கணும்ல. உள்ள எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க."

"நீ எனக்கு எடிட்டரா, அவங்களுக்கு எடிட்டரா?"

"குழுவுல குழு உறுப்பினர். கூட்டம் இல்லாதப்போ முழுக்க உங்க பக்கம்தான்."

"கூட்டம் எப்ப இல்ல?"

அவன் கைப்பேசியில் நாட்காட்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவன் முகம் வாடியது.

"சிலை திறப்புக்கு முன்னாடியும் கைதட்டல் உண்டுல்ல?" என்று கேட்டார் ஃபுமியே.

"கண்டிப்பா. முன்னோட்டம் முடிஞ்ச உடனே. மூல ஆசிரியர் சேர்ந்து தட்டினாதான் எந்தச் சிலைக்கும் பொம்மைக்கும் உங்க சம்மதம்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு."

"அப்ப தட்டுற நேரத்துல நான் அங்க இருக்க மாட்டேன்."

குசுமோத்தோ வழியை மறித்தான். "சென்செய், அப்படி யாரும் செஞ்சதே இல்லையே!"

முன்னோட்டக் காட்சி கிரிசாவாவிலேயே நடந்தது. பழைய ஆலையின் கூட்டுப்புழுக் கிடங்குதான் இப்போது அரங்கம். முற்றத்தில் வெள்ளைத் துணி போர்த்திய சிலை, அதையொட்டிப் பத்திரிகையாளர்கள், அரங்கச் சுவரோரமாக, விருந்துக்காக விலாங்கு மீன் சுடும் கரி அடுப்புகள். வாசலில் கைப்பேசிகளைப் பணிவோடு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஃபுமியே கதவோரமாக ஒரு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

விடுதிக் காட்சி வந்தது. திரையில் சேட்சு, கண்ணில் ஏரியளவு நீரோடு, சுவருக்குள் கையை விட்டு வெளிப் பூட்டைத் தானே பூட்டினாள். பாட்டு தொடங்கியது. அப்பா சேட்சுவின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்துவார். அந்தக் குரல் காதில் கேட்டது. ஃபுமியே எழுந்து கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. மறுபடி தள்ளினார். பிறகு முஷ்டியால் தட்டினார்.

திரையிலும் பெண்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் பின்னாலேருந்து வருது கேட்டீங்களா?" ஹோரியுச்சி பக்கத்து நாற்காலியிடம் கிசுகிசுத்தார். "என்ன ஒலியமைப்பு!"

"கதவு பூட்டியிருக்கு!" என்று கத்தினார் ஃபுமியே.

"வசனமும் பிரமாதம்."

அப்போது காற்றுத் துவாரங்கள் வழியே புகை நுழையத் தொடங்கியது. ஏரிப் பக்கம் காற்று திரும்பி, கரி அடுப்புகளின் புகை முழுவதையும் அரங்கத்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் தீப்பிடிக்கும் இடமும் அதுவே. குழு எழுந்து நின்று கைதட்டியது. விலாங்கு வாசனை வந்தபோது ரயில் கம்பெனிக்காரர், "கிரிசாவா மண்வாசனை!" என்று நெகிழ்ந்தார். இருமல் வந்த பிறகுதான் நெகிழ்ச்சி குறைந்தது.

"யாரும் பதற வேணாம்" என்றார் தோதோரோகி, கைக்குட்டைக்குள்ளிருந்து. "முதல்ல நிலைமையைப் பகிர்ந்துக்குவோம். சாவி யார்கிட்ட?"

"வெளில காவலாள்கிட்ட, தலைவரே."

தோதோரோகி கதவில் வாயை வைத்தார். "ஐயா, கொஞ்சம் திறங்க!"

"ரொம்ப மன்னிக்கணும்" என்றது வெளிக்குரல். குரல் தாழ்ந்து எழுந்ததில், கதவைப் பார்த்து அந்த ஆள் குனிந்து வணங்குவது தெரிந்தது. "படம் முடியிற வரைக்கும் யார் தட்டினாலும் திறக்கக் கூடாதுன்னு குழுவோட உத்தரவு."

"நாங்கதான்யா குழு!"

"அப்படிங்களா! ரொம்ப சந்தோஷம். அப்ப ஒருமனதா முடிவு பண்ணிச் சொல்லிடுங்க, உடனே திறந்துடறேன்."

புகைக்குள் கூட்டம் கூடியது. கதவைத் திறப்பதைக் கொள்கை அளவில் எவரும் எதிர்க்கவில்லை. ஆனால் இசைக் கம்பெனிக்காரர் தலைமையகத்தைக் கேட்காமல் எதற்கும் தலையாட்ட முடியாத நிலையில் இருந்தார். தலைமையகத்தைக் கேட்கக் கைப்பேசி வேண்டும். கைப்பேசி வெளியே பையில் இருந்தது. ஹோரியுச்சி, பூட்டு உள்ளேயிருந்தே பூட்டப்பட்டிருக்கலாம் அல்லவா என்று ஒரு கோணத்தை முன்வைத்து அப்படியே இருமிச் சரிந்தார். குசுமோத்தோ தரையில் குப்புறப் படுத்து, அங்கேயுள்ள காற்றைப் படித்துக்கொண்டிருந்தான்.

திரையில் கடைசிப் பெயர் ஓடி முடிந்தது. அந்த நொடியே கதவு திறந்தது. காவலாள் குனிந்து நின்றான். தன் கடமையை இம்மி பிசகாமல் செய்த மனிதனின் நிம்மதி அவன் முகத்தில் இருந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்து விழுந்த குழுவைப் பத்திரிகையாளர்கள் மொய்த்துக்கொண்டார்கள். எடுத்தவர்களையே இப்படி அழவைத்த படம் இதுவரை வந்ததில்லை என்று ஒருவர் அப்போதே செய்தி சொல்லத் தொடங்கினார்.

ஃபுமியே இருமி முடித்தார். தண்ணீர் குடித்துவிட்டு நேரே தோதோரோகியிடம் போனார்.

"கதவைப் பூட்டச் சொன்னது யாரு?"

"யாருமில்ல சென்செய்" என்றார் அவர். பொய் சொல்லும் கண்கள் அல்ல அவை. "கூட்டத்துல முடிவாச்சு."

"முன்மொழிஞ்சது யாரு?"

"அப்படித் தனியா யாரும் முன்மொழியல. யாரும் மறுக்கவும் இல்ல. கைதட்டி முடிச்சோமே, நீங்ககூட..."

ஃபுமியே தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பல வருடங்களாக மேஸ்திரியையும் மேலாளரையும் முதலாளியையும் துரத்தியவருக்கு, பூட்டியவர்கள் எல்லோரையும் ஒரே முற்றத்தில், அவரையும் சேர்த்து, வரிசையாக நிற்க வைத்துக் காட்டியதுபோல இருந்தது.

இதற்குள் குழு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிலைக்கு முன்னால் வட்டமாக நின்றுவிட்டது. தோதோரோகி கைகளை விரித்தார். "இயோ—"

ஒரே தட்டு. ஆனால் ஒரு ஜோடிக் கை குறைந்ததை எல்லோர் காதும் கேட்டது. ஃபுமியே இரண்டு கைகளையும் மேல்கோட்டுப் பைக்குள் ஆழமாக விட்டிருந்தார்.

"சென்செய்?" என்றார் தோதோரோகி மெல்ல. "சிலையைத் திறந்துடலாமா?"

ஃபுமியே இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

"முன்னோக்கிப் பரிசீலிக்கிறேன்."

வெள்ளைத் துணி சிலை மேலேயே கிடந்தது. அவர் ஏரிக்கரையோரமாக அப்பாவின் பழைய வீட்டுக்கு நடந்தார். சட்டையெல்லாம் விலாங்குப் புகை நாறியது. மாற்றக்கூட இல்லை, அப்படியே மேசைக்கு முன் உட்கார்ந்து, இத்தனை வருடமாக வராத கடைசிப் பாகத்தின் முதல் வரிகளை எழுதினார்:

'சேட்சுவின் கதவைப் பூட்டியவர்கள் மிகவும் நல்லவர்கள். ஒவ்வொருவரும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் பூட்டினார்கள். உள்ளே தட்டும் சத்தம் கேட்டபோதுகூட அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள்.'