வேங்கைக் கன்றுகளின் வேரில் நான் கண்ட உருண்டைகள்

பெரியகல்லாறு,
ஐப்பசி, திங்கட்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் நல்லரத்தினம் அவர்களுக்கு,

உங்கள் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்ததை அறிந்து நானும் உங்கள் தங்கை சீதேவிப்பிள்ளையும் ஆறுதல் அடைந்தோம். இங்கு நாங்கள் இருவரும் சுகம். இருவரும் என்று எழுதியிருப்பதைக் கவனிக்கவும். கொழும்புக்குப் போகுமுன் நீங்கள் எங்கள் பொறுப்பில் விட்டுச்சென்ற வேங்கைக் கன்றுகளை அதில் நான் சேர்க்கவில்லை. இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. தொலைபேசி என்றால் நீங்கள் இடையில் கேள்வி கேட்பீர்கள். கண்ணில் கட்டு இருக்கும்வரை மகள் வதனிதான் கடிதங்களை வாசித்துக் காட்டுகிறாள் என்று அறிந்தேன். உங்கள் உடம்பு அதிரக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருப்பதால், வரப்போவதை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

1. கன்றுகளின் வேரில் நான் கண்ட உருண்டைகள்.
2. அவற்றுக்கு நான் செய்த சிகிச்சை. (வதனி, இதை மெதுவாக வாசிக்கவும்.)
3. அது நோயே அல்ல என்று பிறகு தெரிய வந்தது.
4. கிரான் பக்கத்துக் காட்டு மண்ணும் அதற்கு எங்கள் வீட்டில் நேர்ந்ததும்.
5. இனி எந்தக் கன்றையும் தோண்டிப் பார்க்கமாட்டேன் என்ற என் உறுதி.

உங்கள் வயலோரத்தில் நின்ற பெரிய வேங்கை சூறாவளியில் விழுந்ததும், அதன் கடைசி விதைகளில் முளைத்தவை இவைதான் என்பதும், மாரி முடியுமுன் அதே இடத்தில் இவற்றை நட வேண்டும் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருந்தன. நினைவிருந்ததுதான் கேடாயிற்று. "தண்ணி மட்டும் ஊத்துங்க மச்சான், வேற ஒண்டும் செய்யாதீங்க" என்று நீங்கள் வாசற்படலையில் நின்று சொன்னதும் நினைவிருந்தது. ஆனால் ஒரு கன்றின் பொலித்தீன் பை கிழிந்திருந்ததே, அதை மாற்றாமல் விடுவதா என்று யோசித்து, மாற்றப் போனேன். வேரெல்லாம் சிறு சிறு உருண்டைகள். கடுகளவும் மிளகளவும், கொத்துக் கொத்தாக. சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உடம்பில் கட்டி கண்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கன்றையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. தொற்று என்று முடிவு செய்தேன்.

இனி இரண்டாவது விடயம். உருண்டை கண்ட கன்றுகளைக் குளியலறைக்குப் பின்னால் தனிமைப்படுத்தினேன். என் பழைய பல் துலக்கும் பிரஷால் அவற்றின் வேர்களை நோகாமல் தேய்த்து ஓர் உருண்டைகூட விடாமல் எடுத்தேன். நோகாமல்தான் தேய்த்தேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். அவை நின்ற மண்ணை உங்கள் தங்கை கோயில் பொங்கலுக்கு எடுக்கும் கிடாரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அவ அடுப்படிக்கு வந்தபோது மண் நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அவ கிடாரத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு உங்கள் படத்தைப் பார்த்தா. வீட்டு வளவு அவவுக்குச் சீதனமாக வந்தது, கிடாரமும் அப்படியே, ஆகவே எனக்கு அங்கே நிற்க முறையில்லை என்று கிணற்றடிக்குப் போனேன். போனவன் சும்மா வரவில்லை. மற்றக் கன்றுகளுக்கும் தொற்றாதிருக்க, வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குப் போடுவோமே, அந்தக் குளோரின் தூளைக் கரைத்து எல்லாவற்றுக்கும் ஊற்றினேன். அளவு பிழைக்கவில்லை. அளவில் மட்டும் நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

இலைகள் மஞ்சளாகின. நான் மஞ்சளைக் குணமாவதன் அறிகுறி என்று இரண்டொரு நாள் நம்பினேன். பிறகு நித்திரை போய்விட்டது. உங்கள் தங்கைதான் தன் தங்கச்சி சின்னவளின் மகள் மேனுகாவுக்கு அறிவித்தது. மேனுகா விவசாயம் படித்து அதே வேலையில் இருக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் வந்து, நான் ஆதாரமாகப் போத்தலில் போட்டு வைத்திருந்த உருண்டைகளில் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"பெரியப்பா, இது நோய் வருத்தம் இல்ல. இதுக்குள்ளதான் கண்டுக்குச் சோறு வேகுது. நீங்க அடுப்ப உடைச்சுப் போத்தலுக்குள்ள போட்டு வெச்சிரிக்கிங்க."

அவள் விளக்கியதை என் வாயால் சொல்கிறேன். அந்த உருண்டைக்குள் இருப்பது பற்றீரியா. அது காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கன்றுக்குக் கொடுக்கிறது, கன்று அதற்குச் சீனி கொடுக்கிறது. இதைவிட, கண்ணுக்குத் தெரியாத பங்கசு, அதாவது பூஞ்சணம் ஒன்று வேருக்குள்ளேயே குடியிருந்து, வெளியே மண்ணுக்குள் நூல் விட்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து பொசுபரசு கொண்டுவருகிறது. அந்தப் பங்கசும் கொதித்துவிட்டதா என்று கேட்டேன். "கொதிச்சதுல தப்பினதுக்குக் குளோரின் குடுத்திரிக்கிங்க" என்றாள். சேவைக்காலம் முழுதும் கிருமி என்றால் கொல்லவேண்டியது என்றே இருந்தவன், சிலவற்றுக்குக் கூலி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று இந்த வயதில் அறிந்தேன். கூலி என்ற சொல் சரிதானா என்றும் எனக்குச் சந்தேகம்.

பரிகாரம் ஒன்றுதான் இருந்தது. வேறொரு வேங்கையின் அடியிலிருந்து உயிருள்ள மண் கொண்டுவந்து ஒவ்வொரு பையிலும் ஒரு பிடி போடவேண்டும். கிரானுக்கு அப்பால் காட்டோரத்தில் ஒன்று நிற்பதாக மேனுகா சொன்னாள். ஏறாவூர் ஹலீமின் சின்ன லொறி அந்தப் பக்கம் போகிறது என்று கேள்விப்பட்டு, மிகுந்த தயக்கத்துடன் கேட்டேன். தயக்கத்துக்குக் காரணம், அவருடைய சாப்பாட்டுக் கடைக்கு ஒருகாலத்தில் வழக்குப் போட்டவன் நான். மனிதர் மறுப்பே சொல்லாமல் ஏற்றிக்கொண்டார். ஆனால் நான் முகக்கவசமும் கையுறையும் போட்டு மரத்தடியில் மண் அள்ளும்போது, லொறியில் சாய்ந்து நின்று ஆறஅமரச் சொன்னார்:

"ஐயா, என்ட கடையில சோத்துல ஒரு இலையான் மொய்ச்சதுக்கு என்ன கோட்டுக்கு ஏத்தின நீங்க. இப்ப கிருமி தேடிக் காட்டுக்கு வந்திரிக்கிங்க. அந்த இலையான வெச்சிரிந்தா இஞ்ச வரைக்கும் வந்திரிக்கத் தேவல்ல."

நான் கையுறையோடு இன்னொரு பிடி அள்ளினேன். வரும் வழியெல்லாம் மண் காயாதிருக்க ஈரச் சாக்கால் மூடி மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மண் முழுதும் பாயில் பரப்பி வெயிலில் காய்கிறது. மழை விட்டு அன்றுதான் சுள்ளென்று வெயில் எறித்தது. உங்கள் தங்கையைக் குறை சொல்ல முடியாது. வெளியிலிருந்து வரும் எதுவும் வெயிலில் காயாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது, கல்யாணமான நாளிலிருந்து நான் அவவுக்குப் போட்ட சட்டம். அள்ளச் சாக்கைக் காணவில்லை, அவ அதையும் தோய்த்துக் காயப்போட்டிருந்தா. ஆகவே சாக்குக் காயும்வரை நான் ஈரத் தலையோடு மண்ணுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். போன வந்த சனம் எல்லாம் படலையில் நின்று பார்த்தது. "என்ன காயவெச்சிரிக்கிங்க?" என்று ஒருவர் கேட்டார். காயாமல் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் உங்கள் தங்கையைப் பார்த்து இரக்கமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மண்ணைப் போட்டுச் சில வாரங்கள் ஆகிவிட்டன. நாலைந்து கன்றுகள் செத்துவிட்டன, அதை மறைக்கவில்லை. மற்றவை மஞ்சளாக நிற்கின்றன. அவை பிழைக்குமா என்று மேனுகாவிடம் கேட்டேன். வேரில் மறுபடி உருண்டை வைத்தால் பிழைக்கும் என்றாள். வைத்ததா என்று எப்படி அறிவது என்று கேட்டேன். அறியக்கூடாது, வேரை அசைத்தால் செத்துவிடும் என்றாள். இதுதான் இப்போது எங்கள் வீட்டு நிலவரம். என் கணிப்பில் அவை பிழைக்கா. உங்கள் வேங்கையின் வம்சத்தை என் கையாலேயே சுத்தம் செய்து முடித்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு இதை எழுதுகிறேன். இனித் தோண்டிப் பார்க்கமாட்டேன் என்ற ஐந்தாவது விடயத்தை உங்கள் தங்கையின் முன்னிலையில் சத்தியம் செய்தும் கொடுத்துவிட்டேன்.

கண்ணைக் கசக்கவேண்டாம். குனியவேண்டாம். வதனிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. எந்தக் குறையுமின்றி நீங்கள் பார்வையோடு ஊர் திரும்ப வேண்டுமென்று மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன். கன்றுகளைப் பார்ப்பதை மட்டும் கொஞ்சம் தாமதிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
க. பூபாலபிள்ளை

பி.கு.: உறையை ஒட்டியபின் மறுபடி பிரித்து எழுதுகிறேன். உருண்டை வைத்திருக்கிறது. புதிது, கடுகிலும் சிறியது, கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கன்றுகள் பிழைக்கும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று இன்று காலையிலிருந்து வாடிக்கொண்டு வருகிறது. ஐந்தாவது விடயம் பிழை.