பெட்டி ஆஃப்ல இருக்கா?

ஓடிக்கொண்டிருக்கும் பொருளைத் திறந்து பார்க்காமல் இருக்கத் தெரிந்தவர்கள் பாக்கியவான்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை. எங்கள் வீட்டு மிக்ஸி, அம்மாவின் ரேடியோ, பக்கத்து வீட்டு அழைப்பு மணி (அவர்கள் கேட்கவே இல்லை) என்று நன்றாக இருந்த பலவற்றை ஒரு வழி பண்ணியிருக்கிறேன். ஆனால் ஒரு கல்யாண மண்டபத்தையே வாயடைக்க வைத்தது ஒரே ஒரு பெட்டிதான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, நீல நிறம், நடுவில் காலால் மிதிக்கிற ஒரு சுவிட்ச். கிட்டாருக்கான கம்ப்ரசர் பெடல். துபாய்க்கு வேலைக்குப் போன நண்பன் ஒருவன் விட்டுவிட்டுப் போனது.

கம்ப்ரசர் என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது நான் இப்படிச் சொன்னேன்: "கிளாஸ்ல கத்துற பையன இருத்தி வைக்கும். முணுமுணுக்குற பையன எழுப்பி விட்டு சத்தமாச் சொல்லச் சொல்லும்." கிட்டாரை ஓங்கித் தட்டினால் சத்தத்தை அடக்கும். மெல்லத் தொட்டால் தூக்கிக் கொடுக்கும். எல்லா ஸ்வரமும் ஒரே உயரத்தில் வழவழவென்று வரும். அம்மா, "இது உங்க அப்பாவுக்கு வேண்டிய சாமானம்லா" என்றாள். அன்று அது வெறும் கிண்டல்தான்.

அப்பாவுக்குத் திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டில், ஆரியசாலையில் வத்தல் மிளகாய் மொத்தக் கடை. அந்தச் சந்தில் கடைக்குக் கடை ஒரே சுவர். விலையை வாய்விட்டுச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரர் அதைக் குறைத்துச் சொல்லி ஆளை இழுத்துக்கொள்வார். அதனால் அங்கே விலை என்பது காதோடு காதாகச் சொல்லப்படுவது. வாழ்நாள் முழுக்க இப்படிப் பேசியே பழகிய அப்பா, முக்கியமானது எதையும் குசுகுசுவென்றுதான் சொல்வார். முக்கியமில்லாததை மட்டும் ஊருக்கே கேட்கச் சொல்வார். வீட்டில் அவர் சத்தம் போட்டால் நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். குரலை இறக்கினால்தான் கைவேலையை வைத்துவிட்டுக் காதைத் தீட்டுவோம்.

அப்படிக் குரலை இறக்கித்தான் அக்காவின் கல்யாணத்துக்கு "செரி வராது" என்றார். ஜெஸி அக்கா விரும்பியது பிஜு அத்தானை. கோட்டயத்துக்காரர், மலையாளி, அவளோடு வேலை பார்த்தவர். நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பம். பாதி மலையாளம் கலக்காமல் ஒரு வாக்கியம் பேச எங்களுக்கு வராது என்றாலும், மாப்பிள்ளை என்று வரும்போது திடீரென்று அசல் தமிழர் ஆகிவிடுவோம். அப்பா மாதக்கணக்கில் இழுத்தடித்தார். பிறகு ஒரு நாள், காரணம் எதுவும் சொல்லாமல், அம்மாவின் காதில் "நடத்திருவோம்" என்றார்.

அதற்கப்புறம் அக்காவிடம் அவர் பேசியதெல்லாம் "சாப்ட்டியா", "குடை எடுத்தியா" இரண்டும்தான். முன்பெல்லாம் அவர் கடையிலிருந்து வந்ததும் அக்கா வாசலிலேயே மறிப்பாள். "அப்பா, வத்தல் நாறுது, குளிச்சிட்டு உள்ள வாங்க" என்று ஏசுவாள். அவரும் உரத்த குரலில் பதிலுக்கு ஏசிக்கொண்டே குளிக்கப் போவார். அந்தக் கூத்தும் நின்றுபோயிற்று. தோற்றுப்போய்ச் சம்மதித்தார், மனசார இல்லை என்று அக்கா நினைத்தாள். கல்யாணப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பாரம் என்ன இருக்க முடியும்?

வரவேற்பில் நான் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அக்கா என்னைத் தனியாக அழைத்து, "லே சாம், நீ பாட்டு மட்டும் வாசி. அந்தப் பெட்டியக் கொண்டு வரப்பிடாது, கேட்டியா? அப்பா எப்பம் எதுல மொறப்பாருன்னு தெரியாது. அன்னைக்கு ஒரு நாள் அவரு சிரிச்சிட்டு நின்னாப் போதும் எனக்கு" என்றாள். நான் பவ்யமாகத் தலையாட்டினேன். ஆட்டும்போதே பெட்டியின் அடி மூடியில் நாலு ஸ்க்ரூவையும் மனசுக்குள் கழற்றிக்கொண்டிருந்தேன்.

பெட்டி நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. எனக்குத்தான் போதவில்லை. ஸ்வரம் இன்னும் நீளமாக நிற்க வேண்டும், கடைசி மீட்டல் மண்டபத்தில் அப்படியே மிதக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு உள்ளே ஒரு ரெசிஸ்டரையும் ஒரு கப்பாசிட்டரையும் மாற்றினால் போதும் என்று இன்டர்நெட்டில் முகம் தெரியாத ஒரு மகான் எழுதியிருந்தார். அடக்கிய சத்தத்தை எவ்வளவு நேரம் கழித்து மறுபடி தூக்கிவிட வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தக் கப்பாசிட்டர். மகான் சொன்ன அளவைத் தேடிப் பழவங்காடிப் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"அது ஸ்டாக்கில்லா. அதின்டே பத்து மடங்கு வலியது உண்டு. மதியோ?" என்றார் கடைக்காரர். பத்து மடங்கு பெரியது போதுமா என்கிறார்.

மொத்த வியாபாரிக் குடும்பம் எங்களுடையது. சில்லறை அளவில் எங்களுக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. கிராம் கணக்கில் கேட்பவனிடமும் மூட்டையைக் காட்டுகிற பரம்பரை. "வலியதே தாங்க சேட்டா" என்றேன். ரெசிஸ்டரிலும் அதே நியாயத்தைக் கடைப்பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து சால்டர் செய்து இயக்கினேன். சத்தமே வரவில்லை. ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தபோது கப்பாசிட்டர் 'டப்' என்று வெடித்து எகிறியது. தலைகீழாக வைத்திருக்கிறேன். இன்னொன்று வாங்கி நேராக வைத்தேன். இப்போது சத்தம் வந்தது, கூடவே எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சலும் வந்தது. அதற்காக ஒயர்களை இடம் மாற்றிப் போட்டதில் கால் சுவிட்ச் ஒயர்களும் எப்படியோ இடம் மாறிப்போயின. மிதித்தால் சிவப்பு லைட் அணைந்தது. மறுபடி மிதித்தால் எரிந்தது. லைட் அணைந்தால் பெட்டியும் அணைந்ததாகத்தானே அர்த்தம்? அதற்கு மேல் நான் ஆராய்ச்சி செய்யவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனித்திருக்க வேண்டும். என் கிட்டார் சாதாரண மரக் கிட்டார். சத்தம் எடுப்பதற்காக அதன் வயிற்றுக்குள் பஸ்ஸரில் இருக்கிற வட்டத் தகடு ஒன்றை ஒட்டியிருந்தேன் (அதுவும் என் கைவண்ணம்தான்). ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கம்பியை மீட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். சில நொடிகள் அமைதி. பிறகு மெதுமெதுவாக என் மூச்சு கேட்டது. ஃபேன் கேட்டது. வாசல்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், "இவன் என்னைக்கு உருப்படப் போறானோ" என்று சொன்னது தெள்ளத் தெளிவாகக் கேட்டது. புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே ஒயரைப் பிடுங்கியிருப்பான். நான் எவ்வளவு துல்லியம் பாரேன் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

வரவேற்பு நாளன்று பெட்டியை கிட்டார் உறைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். பாட்டு பிரமாதமாக அமைந்தது. அது மட்டும் உண்மை. கடைசி ஸ்வரம் அப்படியே மிதந்துகொண்டே இருந்தது. கோட்டயத்துச் சித்தப்பா ஒருவர் "கொள்ளாம் மோனே" என்று கட்டைவிரலை உயர்த்தினார். பெட்டியை மிதித்தேன், லைட் அணைந்தது. கிட்டாரை மேடையின் பின்வரிசையில் ஒரு நாற்காலியோடு சாய்த்து வைத்துவிட்டு, பெட்டியின் அருகில் கைகட்டி நின்றேன். அடுத்து நன்றி சொல்ல வேண்டியவர் அப்பா. அவரும் அம்மாவும் மேடையேறி, அந்தக் கிட்டாருக்குப் பக்கத்து நாற்காலிகளிலேயே வந்து உட்கார்ந்தார்கள்.

போதகர் மைக்கைப் பிடித்து, மணமக்களுக்காக எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபிப்போம் என்றார். மண்டபம் அடங்கியது. சவுண்ட் சிஸ்டம்காரர் இதுதான் சமயமென்று சாயா குடிக்க வெளியே போனார்.

கண்ணை மூடிய அப்பா, அம்மாவின் பக்கம் சாய்ந்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது. என் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் மேடையின் இரண்டு பக்கமும் கூட்டத்தைப் பார்த்து நின்ற ஆளுயர ஸ்பீக்கர்களிலிருந்து கர்த்தரின் சத்தம்போல அது கிளம்பியது.

"சம்பந்தி தலயப் பாத்தியாட்டீ? அது விக்கு. சைடுல ஒட்டவே இல்ல."

கண்ணை மூடியிருந்த மண்டபம் மொத்தமும் கண்ணைத் திறந்தது. பிறகு அத்தனை தலையும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிஜு அத்தானின் அப்பா பக்கம் திரும்பியது. அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் ரகசியத்தைத் தமிழில் பேசுவோம், மலையாளிகளுக்குப் புரியாதென்று. திருவனந்தபுரத்தில் இந்த நம்பிக்கையோடு வாழ்கிற ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். கோட்டயத்துக்காரர்களுக்கும் 'விக்கு' புரிந்தது.

பெட்டியை ஓங்கி மிதித்தேன். ஸ்பீக்கரில் 'டொம்' என்று வெடிச் சத்தம். லைட் எரிந்தது. மறுபடி மிதித்தேன், மறுபடி 'டொம்', லைட் அணைந்தது. அப்பா கண்ணைத் திறந்து, இவனுக்கு ஜெபத்திலும் விளையாட்டா என்பதுபோல முறைத்தார். ஸ்பீக்கர்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் தன் குரல் ஊர்வலம் போய்விட்டு வந்தது அவருக்குத் தெரியவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரில் இரைச்சல்கூட இல்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

தப்பவில்லை. ஒயர் இடம் மாறியதில் சுவிட்ச் லைட்டை மட்டும்தான் அணைத்தது, பெட்டியை அல்ல. நான் மிதித்த சத்தத்தைக் கேட்டுப் பெட்டி தன் வழக்கப்படி அடங்கியிருந்தது, அவ்வளவுதான். நான் வைத்த மூட்டை அளவு கப்பாசிட்டரின் புண்ணியத்தில் அது நிதானமாகத் தலைதூக்கிக்கொண்டிருந்தது. அது முழுசாக எழுந்து நின்றபோது அப்பா அடுத்ததைச் சொன்னார்.

"பயல் நல்லவன்தான், கேட்டியா. முதல் நாளே எனக்குத் தெரியும்."

இந்த முறை நான் கிட்டாரில் செருகியிருந்த ஒயரையே பிடித்துவிட்டேன். இழுக்கப்போகும்போது அக்காவைப் பார்த்தேன். அவள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து 'வேண்டாம்' என்று தலையை அசைத்தாள். என் கை அப்படியே நின்றது.

"நான் செரின்னு சொல்லீட்டா மோளு போயிருவாள்லா. அதான் இழுத்துப் பாத்தேன்" என்றது ஸ்பீக்கர். "இனி கடையில இருந்து வந்தா, வத்தல் நாறுதுன்னு ஏசதுக்கு வீட்டுல ஆருட்டீ இருக்கா?"

அம்மா மூக்கை உறிஞ்சியது மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிஜு அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மாலையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். நானும் அழுதேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அது பயத்தில் வந்த அழுகை என்றுதான் ரொம்ப நாள் சாதித்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் பிஜு அத்தானின் அப்பா எழுந்தார். முடிந்தது கதை, கல்யாணத்தன்றே சம்பந்திச் சண்டை என்று நினைத்தேன். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேடையேறினார். நேராக அப்பாவிடம் வந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. குனிந்து, கிட்டாரின் வயிற்றுத் துளையருகே வாயை வைத்து, அப்பாவின் அதே குசுகுசுப்பில் சொன்னார்.

"சம்மந்தி, முடி என்டே சொந்தமாணு. டை மாத்ரம் சாலை மார்க்கெட்டிலே வாங்ஙியதாணு."

மண்டபம் ஆடியது. போதகர் மௌன ஜெபத்துக்கு ஆமென் சொல்ல முயன்று முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கிட்டாரைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், ஒயரின் முனையில் என்னைப் பார்த்தார். விஷயம் விளங்க விளங்க அவர் முகம் கடையில் இருக்கும் முதல் தர வத்தலின் நிறத்துக்கு வந்தது. சம்பந்தி அவரை எழுப்பிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பாவுக்குக் கட்டிப்பிடித்துப் பழக்கமில்லை. மூட்டையைத் தூக்குகிற தோரணையில் அவரும் பிடித்தார்.

பிறகு மைக்கை வாங்கினார். நன்றியுரைக்கு நாங்கள் எழுதிக்கொடுத்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. "பேச வேண்டியது எல்லாம் கேட்டாச்சுல்லா? பிரியாணி ஆறுது, வாங்க" என்று முழு சத்தத்தில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்கா கேட்ட அந்தச் சிரிப்பு அன்று முழுக்க அவர் முகத்தை விட்டுப் போகவில்லை. அசடு வழிகிற சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே.

பந்தியில் அக்கா என் காதைப் பிடித்துத் திருகினாள். "பெட்டியக் கொண்டு வரப்பிடாதுன்னு சொன்னேன்லா, லே?" என்றாள். திருகியவள் வெகுநேரம் காதை விடவே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது ரகசியம் பேச வாயெடுத்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "பெட்டி ஆஃப்ல இருக்கா?" என்பதுதான். கோட்டயத்துச் சம்பந்தி ஃபோனில் அப்பாவிடம் முதலில் இதைக் கேட்டுவிட்டுத்தான் சௌக்கியம் விசாரிப்பார். பெட்டியை நான் அதற்குப் பிறகு திறக்கவில்லை. பழுதுபார்த்து என்ன ஆகப்போகிறது? அது செய்த வேலையில் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இப்போது அப்பாவுக்குக் காது மந்தம். கடையைக் கொடுத்தாகிவிட்டது, வத்தல் நாற்றமும் போய்விட்டது. ஆனால் அவர் குசுகுசுப்பதாக நினைத்துச் சொல்வது தெரு முனைவரை கேட்கிறது. போன மாதம் கொச்சியில் குடியிருக்கும் அக்காவும் அத்தானும் வந்துவிட்டுக் கிளம்பினார்கள். பெட்டி படுக்கையெல்லாம் டிக்கியில் ஏற்றியாயிற்று. அக்கா காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வாசலில் அப்பா அம்மாவின் பக்கம் சாய்ந்து, மிகுந்த ரகசியமாக, "இன்னும் ரெண்டு நாள் இருந்திட்டுப் போனா என்னவாம் இவளுக்கு?" என்றார்.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அக்கா காரின் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, "அப்பா, பெட்டி ஆன்ல இருக்கு!" என்று கத்தினாள்.

பிஜு அத்தான் இறங்கிப்போய் டிக்கியைத் திறந்து பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.