தோற்றவன் பெட்டி

மாலை ஆறு பத்து. வடசேரி பேருந்து நிலையத்தில் திருவனந்தபுரம் வண்டியிலிருந்து முதலில் இறங்கியது ஓர் அட்டைப்பெட்டி. அதைத் தலையில் வைத்திருந்தவர் எங்கள் தெரு ஏலக்காரர்.

நாஞ்சில் நாட்டில் அவரைப்போல் மலிவாக வாங்கியவர் கிடையாது. இத்தனைக்கும் அவர் பேரமே பேசமாட்டார். கடைக்காரர்களைத்தான் பேச வைப்பார். கடற்கரையில் காலமெல்லாம் மீன் ஏலம் விட்டவர். "வாங்க ரெண்டு பேரு நின்னா வெல ஏறும் மக்கா. விக்க ரெண்டு பேரு நின்னா எறங்கும். ஒலகத்துல வேற கணக்கு கெடையாது" என்பார். ஒருமுறை ஒரு குடை வாங்க, எதிரெதிர் கடைக்காரர்கள் இருவரை நடுச்சாலைக்கு வரவழைத்துத் தலைகீழ் ஏலம் விட்டார். பின்னால் வந்த பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநரும் ஒரு குடை வாங்கிக்கொண்டு போனார்.

2007-ல் அவர் வீட்டு டிவிடி பெட்டி செத்துப்போனது. நர்ஸ் வேலையில் இருந்த மகளின் கல்யாணம் குவைத்திலேயே நடந்திருந்தது. பெற்றோரால் போக முடியவில்லை. கல்யாண டிஸ்க் மட்டும்தான் வந்தது. மனைவி ரோசம்மா அதைக் கைக்குட்டையில் பொதிந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்ப்பார். பந்திக் காட்சி வந்ததும் எழுந்துவிடுவார். "போதும். ஒங்களுக்கு சோறுண்ண நேரமாச்சு" என்று கூசியபடி போவார்.

புதுப்பெட்டி வாங்க ஏலக்காரர் கிளம்பினார். டிவிடியைவிடத் தெளிவாகப் படம் காட்டும் இரண்டு வகைகள் வந்திருப்பதாகக் கடையில் சொன்னார்கள்: புளூ-ரே, எச்.டி. டிவிடி. ஒன்றின் டிஸ்க் மற்றதில் ஓடாது. பழைய டிவிடி இரண்டிலும் ஓடும். விலையோ ஒரு பழைய ஸ்கூட்டரின் விலை. ஏலக்காரர் முகம் மலர்ந்தது.

"விக்க ரெண்டு பேரா? அப்ப பொறுப்போம்."

பொறுத்தார். தெருவையும் பொறுக்க வைத்தார். வளைகுடாவிலிருந்து யாரும் இரண்டில் எதையும் தூக்கிக்கொண்டு வரக்கூடாதென்று உத்தரவு. நான் நாளிதழில் வேலை பார்த்ததால் தினமும் காலையில் என் வாசலுக்கு வந்துவிடுவார்.

"சண்டை என்னாச்சு மக்கா?"

"ரெண்டு பேரும் வெலையக் கொறச்சிருக்கானுவ."

"அடிக்கட்டும், அடிக்கட்டும்."

மதிலுக்கு அப்பாலிருந்து ரோசம்மாவின் குரல் வரும்: "அவனுவ சண்டை முடியதுக்குள்ள எனக்க மகளுக்க மகளுக்கே கல்யாணம் முடிஞ்சிரும்."

"கொஞ்சம் பொறு ஏட்டி. நல்ல ஏலத்தை பாதியில நிறுத்தப்பிடாது."

2008 தொடக்கத்தில் எச்.டி. டிவிடி களத்தைவிட்டு விலகியது. செய்தியை நானே சொன்னேன். அந்தச் சனிக்கிழமை திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறினார். ஜெயித்த பெட்டியோடு வருவார் என்று தெருவே காத்திருந்தது.

பேருந்து நிலையத்தில் அட்டைப்பெட்டி மேலிருந்த எழுத்தைப் படித்தேன்.

"இது தோத்த பெட்டில்லா?"

"ஜெயிச்சவனுக்கு இனி எதிராளி இல்ல மக்கா. அவன் என்னத்துக்கு வெலைய எறக்கப்போறான்? தோத்தவந்தான் கிட்டுனது போதும்னு குடுப்பான். சாதா டிவிடி பெட்டி வெலைக்குத் தந்தான்."

"இதுக்கு இனி புதுப்படம் வராதே."

அவர் தலைச்சுமையை இறக்கவில்லை. "எனக்க வீட்டுல பாக்கதுக்கு ஒரே ஒரு படந்தானே உண்டு" என்றார்.

மறுநாள் பூசை முடிந்ததும் ரோசம்மா வந்தார். கையில் கைக்குட்டை இல்லை. வாசலில் நிமிர்ந்து நின்று, "எல்லாரும் எங்க வீட்டுக்கு வரணும். நாற்காலி போட்டிருக்கு" என்றார்.

அன்று பந்தி முடியும்வரை படம் ஓடியது.